சங்கடப்படலைக்கு ஆங்கிலம் எதற்கு?

பாரிஸ் நகரில் வாழும் என் பெறாமகன் சென்ற மாதம் மின்னஞ்சலில் சில ஆவணங்களை அனுப்பி, "பெரியப்பா, கையெழுத்து வைக்க முதல் இதை ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தான். அச்சுவேலியில் உள்ள தகப்பன்வழிக் காணியை அவனும் ரொறன்ரோவில் இருக்கும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளப் போகின்றனர். அதற்காகப் பழைய தமிழ் உறுதியை யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். அந்த ஆங்கிலத்திலிருந்து வேறொருவர் பிரெஞ்சு மொழிக்கு ஆக்கியிருந்தார். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின்னர், அழிந்துபோன வீட்டிற்கு இழப்பீடு கோருவதற்காக என் தம்பி தன் கைப்பட எழுதி வைத்த வீட்டு விபரமும் அவ்வாறே இரு மொழிகளுக்கு மாறியிருந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைக் காரியாலயங்களில் பிறர் எழுத்தைத் திருத்திக் காலங்கழித்தவன் நான். பிழை கண்டால் பேனை தானாகவே நகரும். ஆனால் அந்த ஆங்கிலத்தைப் படித்தபோது பேனை நகரவில்லை, மனந்தான் கொதித்தது.

தம்பி எழுதியிருந்த 'சங்கடப்படலை' ஆங்கிலத்தில் 'லிச்கேட்' ஆகியிருந்தது. வாசகர்களுட் பலர் அறிந்திருப்பீர்கள், அறியாதோருக்காகச் சொல்கிறேன். வளவின் தெருவாயிலில், சிறு கூரையும் இருபுறத் திண்ணையுமாக அமைந்த படலையே சங்கடப்படலை. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கன் வீட்டாரைக் கேளாமலே ஒதுங்கி இளைப்பாறுவதற்காக எம்மவர் கட்டி வைத்தது அது. ஆங்கில நாட்டு 'லிச்கேட்' என்பதோ, தேவாலயத்து இடுகாட்டின் கூரை வாயில். சவப்பெட்டியைச் சுமந்து வருவோர் குருவானவர் வரும்வரை அங்கே காத்து நிற்பர். 'லிச்' என்பது பிணத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். கூரையும் வாயிலும் ஒத்திருந்தன என்பதற்காக, வழிப்போக்கனுக்கு நிழல் கொடுத்த என் தம்பியின் படலை பிணவாயில் ஆயிற்று!

'வளவு' என்பது 'கார்டன்' ஆகியிருந்தது. 'தோட்டம்' என்பதும் அதே 'கார்டன்' ஆகியிருந்தது. வீடும் கிணறும் முற்றமும் கோடிப்புறமும் பயன்தரு மரங்களும் வேலியும் சேர்ந்த குடியிருப்பு நிலம் வளவு. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் நட்டு, ஒரு குடும்பம் தன் வயிற்றையும் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்த செம்மண் நிலம் தோட்டம். பிரெஞ்சுக்குப் போனபோது இரண்டும் 'ழார்தன்' ஆகி, பூஞ்செடி வளர்க்கும் கொல்லைகளாகத் தோற்றமளித்தன. பாரிசில் பிறந்த பேரப்பிள்ளை அதைப் படித்தால், தன் பாட்டன் ரோசாச் செடிக்குத் தண்ணீர் வார்த்துப் பொழுது போக்கிய கனவான் என்றே எண்ணும்.

இவற்றையெல்லாம் சிரித்து மறந்துவிடலாம். மறக்க இயலாதது ஒன்று உறுதியில் இருந்தது. 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும்' என்ற தொடரை மொழிபெயர்ப்பாளர் 'பொது வீதியும் வடிகாலும்' என்று பொருள்படும்படி எழுதியிருந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் கீழ்த் தேங்கும் நீரைக் கிணறு வழியாக எடுத்தே நாம் வாழ்கிறோம். ஒரு கிணற்றில் பலருக்குப் பங்கு இருக்கும். அந்தப் பங்குக்காரன் கிணற்றடிக்கு நடந்து செல்லும் உரிமையே 'வழி'. இறைத்த நீரை அயலவன் காணிக்கூடாகத் தன் பயிருக்குக் கொண்டு செல்லும் உரிமையே 'வாய்க்கால்'. கழிவுநீர் ஓடும் கானுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆங்கிலப் பிரதியை நம்பி எழுதிய பங்கீட்டுப் பத்திரத்தில் தங்கையின் பங்குக்கு நிலம் இருந்தது, நீர் இல்லை. கிணறு அண்ணனின் துண்டில் விழுந்திருந்தது. அவனுக்கு வஞ்சக எண்ணம் எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பில் இல்லாத உரிமையை அவன் எவ்வாறு அறிவான்? கையெழுத்திடுவதற்கு முன் கேட்டான், அதனால் தப்பியது. கேளாமற் கையெழுத்திட்டோர் எத்தனை பேரோ!

இதுபற்றி மொழிபெயர்ப்புத் துறையில் உள்ள நண்பர் ஒருவரிடம் முறையிட்டேன். "அந்நியருக்கு விளங்கவேண்டுமே, கிட்டிய சொல்லைப் போடாமல் என்ன செய்வது?" என்று அவர் கேட்டார். இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இதே இக்கட்டில் இருந்தவர்கள்தாம். பதினேழாம் நூற்றாண்டில் தோட்டக்கலையின் தலைமைப்பீடம் பிரான்ஸ். ஜோன் ஈவ்லின் 1658 இல் பிரெஞ்சுத் தோட்ட நூல் ஒன்றை ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தார். 1709 இல் பாரிசில் வெளிவந்த தெசாலியே தார்ஜான்வில் என்பாரின் நூலை, ஜோன் ஜேம்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் 1712 இல் மொழிபெயர்த்தார். வீட்டின் முன்னே சமதரையில் கோலம் போட்டதுபோற் பாத்தி அமைக்கும் முறையைப் பிரெஞ்சுக்காரர் 'பார்த்தேர்' என்றனர். ஜேம்ஸ் அதற்குக் கிட்டிய சொல் தேடி அலையவில்லை. 'பார்த்தேர்' என்ற சொல்லையே நூலின் முகப்பில் அச்சிட்டார். இன்றும் ஆங்கிலத்தில் அது 'பார்த்தேர்'தான். 'ஃபசாட்', 'எஸ்பலியர்', 'குல்-த-சாக்' முதலிய சொற்களும் அவ்வாறே பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்தில் குடியேறியவை. அதனால் ஆங்கிலம் குறைந்துபோயிற்றா?

கிட்டிய சொல்லால் வந்த குழப்பமும் அதே முகப்பில் இருக்கிறது. ஆங்கிலேயர் பந்துருட்டி விளையாடும் புற்றரை 'போலிங் கிறீன்'. அச்சொல் பிரான்சுக்குப் போய் 'பூலங்றன்' எனத் திரிந்து, அழகுக்காகப் பள்ளமாக அமைக்கும் புற்றரையைக் குறிக்கலாயிற்று. அங்கே விளையாட்டு இல்லை. ஜேம்ஸ் அதைத் திரும்பவும் 'போலிங் கிறீன்' என்றே ஆங்கிலத்தில் எழுதினார். சொல் வீடு திரும்பியது. பொருள் பிரான்சிலேயே நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் பிறந்த சொல்லுக்கே இக்கதி என்றால், அச்சுவேலியிற் பிறந்த சொல்லின் கதி என்னாகும்?

எம் சொற்களை ஆங்கிலம் ஏற்காது என்பதும் பொய். 'பந்தல்' ஆங்கில அகராதியில் இருக்கிறது. தோப்பு 'டோப்' ஆகி அங்கே இருக்கிறது. அதைவிட வலிய சான்று எம் சட்டத்திலேயே உண்டு. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் இசாக்ஸ் 1707 இல் தொகுத்தார். தமிழிற் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புதல் அளித்தனர். பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு வழங்கினர். அதுவே தேசவழமை. அதன் ஆங்கில வாசகத்தில் ஒற்றி 'ஒற்றி'யாகவே நிற்கிறது. 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் 'தேடிய தேட்டம்' என்ற எம் சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி வரைவிலக்கணம் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் சட்டத்தில் அதற்கு ஒத்த பொருள் இல்லை, ஒவ்வாத சொல்லைப் போட்டால் வழக்குத் தப்பிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எம்மை ஆண்ட அந்நியனுக்கு இருந்த அந்த எச்சரிக்கை எமக்கு இருக்கவேண்டாமா?

தென்னிலங்கையைப் பாருங்கள். சிங்களப் பிரபுக்களின் பெருமனைகளை ஆங்கிலத்திலும் 'வளவ்வ' என்றே எழுதுகின்றனர். எந்தச் சுற்றுலாக் கையேடும் அதனைப் பெயர்ப்பதில்லை. எமது 'வளவு' என்ற சொல்லோடு உறவுடைய சொல் அது என்பர். உறவுக்காரச் சொல் தன் பெயரோடு நிமிர்ந்து நிற்க, எங்கள் வளவு 'கார்டன்' என்று பெயர் மாற்றி ஒளித்துத் திரிகிறது. இது யார் செய்த குற்றம்? நாமே செய்தது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும் என்பதை அறிவேன்.

முதலாவது, இது தனித்தமிழ்ப் பிடிவாதம் என்பது. அன்று. விறாந்தையும் யன்னலும் கதிரையும் அலவாங்கும் போர்த்துக்கேயர் வழி வந்த சொற்கள். எம் பாட்டன்மார் அவற்றை வாய்க்கு ஏற்றபடி திருத்தி வைத்துக்கொண்டனர். பொருள் புதிதாக வந்தபோது சொல்லும் கூடவே வந்தது. நான் கேட்பது அந்த நீதியின் மறுபக்கத்தை மட்டுமே. எம் பொருள் வெளியே போகும்போது எம் சொல்லும் கூடப் போகட்டும்.

இரண்டாவது, "வீடே இல்லை; சொல் எதற்கு?" என்பது. நாற்சார் வீடுகள் பல போரில் வீழ்ந்தன. எஞ்சியவற்றுட் சில புதுப்பணத்தில் இடிபடுகின்றன. கிடுகு வேலி போய் மதில் வந்துவிட்டது. உண்மை. பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்று தளிர்த்து, வேலியாகவும் ஆட்டுக்குத் தீனியாகவும் தோட்டத்திற்குப் பசளைக் குழையாகவும் பயன்பட்டதை 'ஃபென்ஸ்' என்ற சொல்லில் யார் காண்பார்? என் தம்பியின் வீட்டில் இப்போது ஒரு கல்லும் இல்லை. அவன் எழுதிய நான்கு பக்கங்களே எஞ்சியுள்ளன. நாற்சார், தலைவாசல், மால், துலா, ஆவுரஞ்சிக்கல் என்று அவன் எழுதிய சொற்களில்தான் அந்த வீடு இன்னும் நிற்கிறது. அவற்றையும் பெயர்த்துவிட்டால் அந்த வீடு இரண்டாம் முறையும் இடிபடும்.

எல்லாச் சொல்லையும் காப்பாற்றச் சொல்லவில்லை. கதவு, கூரை, சுவர் ஆகியவற்றுக்கு எந்த மொழியிலும் நேர்ச்சொல் உண்டு; தாராளமாகப் பெயர்க்கலாம். ஆனால் ஒரு சொல்லுக்குள் ஓர் உரிமையோ ஒரு வழக்கமோ அடங்கியிருந்தால் அதனைப் பெயர்க்காதீர்கள். அச்சொல்லை அப்படியே எழுதுங்கள். முதன்முறை வரும்போது ஒரு வரியில் விளக்கம் கொடுங்கள். காணி உறுதியாயின், தமிழ் மூலத்தைப் பார்க்காமல் எந்த மொழிப் பிரதியிலும் கையெழுத்திடாதீர்கள். மூத்த வாசகர்கள் தாம் பிறந்த வீட்டைத் தம் ஊர்ச் சொற்களிலேயே இரண்டு பக்கம் எழுதி, ஒரு படமும் கீறிப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.

ஞானப்பிரகாச யந்திரசாலை என்ற பெயரில் அச்சுக்கூடம் வைத்துத் தமிழ் நூல்கள் பதிப்பித்த ஊர் அச்சுவேலி. சொல்லின் பெறுமதி அவ்வூருக்குப் புதிதன்று. பெறாமகனின் பத்திரம் இப்போது திருத்தி எழுதப்படுகிறது. பிரெஞ்சுப் பிரதியிலும் 'வழி வாய்க்கால்' என்ற சொல் அப்படியே நின்று, கீழே ஒரு வரி விளக்கம் பெறும். தங்கையின் துண்டுக்கு நீர் கிடைக்கும்.

படலை வாயிலில் என்ன எழுதுவது என்று அவன் கேட்டான். "சங்கடப்படலை என்றே எழுது. பிரெஞ்சுக்காரன் கேட்டால், மழைக்கு ஒதுங்கிற இடம் என்று சொல்லு" என்றேன்.