சிற்றெரிமலைகள்

எரிமலை என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே நம்மவர் உள்ளத்தில் எழுவன வெசூவியஸ், எட்னா, பூஜி முதலிய பெருமலைகளே. பள்ளிப் புத்தகங்களும் அவற்றையே படம் எழுதிக் காட்டுகின்றன. அப்பெருமலைகளின் புகழைக் குறைக்க யாம் புகுந்தோமல்லோம். ஆயினும், சில நூறடியே உயர்ந்து, ஒரே ஒருமுறை எரிந்து அவிந்துபோன சிறு கூம்புகளே எரிமலையின் இயல்பைக் கற்பார்க்குச் சிறந்த ஆசிரியர் என்பது எம் துணிபு. நிலத்தின்மீது காணப்படும் எரிமலைகளுள் எண்ணிக்கையால் மிக்கன இவையே. எனினும் இவற்றைப் பேசுவார் மிகச் சிலர்.

இக்கூம்பு தோன்றும் விதம் எளிது. நிலத்தின் வெடிப்பு வழியே மேலெழுங் கற்குழம்பு, தன்னுள் அடங்கிய ஆவிகளின் வேகத்தாற் சிதறி வானில் எறியப்பட்டு, நுண்டுளைகள் நிறைந்த கிட்டக்கல்லாக உறைந்து, வாயைச் சுற்றி வீழ்கின்றது. களத்திலே தூற்றிய நெல் பொலியாகக் குவியும்போது ஒரு சாய்வுக்குமேல் நில்லாது சரிவதை உழவர் யாவரும் அறிவர். கிட்டக்கல்லும் அவ்வாறே ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் நிலைபெறுகின்றது. ஆதலாற் புதிய கூம்புகள் எத்தேசத்தனவாயினும் உடன்பிறந்தார்போல் ஒத்திருக்கின்றன: உயரம் அடியகலத்தில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்றே குறையும், வாயின் அகலம் அடியகலத்தில் ஐந்தில் இரண்டு பங்காகும். காற்று ஒரு திசையில் ஓயாது வீசுமாயின் அத்திசைப் பக்கம் உயர்ந்து விடும். அடியிலிருந்து பெருகுங் குழம்பு ஒருபுறச் சுவரைச் சுமந்துகொண்டு போகுமாயின், கூம்பு குதிரை இலாடம்போலத் திறந்து நிற்கும்.

இவற்றின் வயதை வடிவத்தினின்று அறியலாமோ? ஒருவாறு அறியலாம். முதுமை அடைய அடையச் சரிவு தளரும், விளிம்பு மழுங்கும், வாய் தூரும், பக்கங்களில் மழைநீர் கீறிய ஓடைகள் தோன்றும். ஆனால், நரைத்த தலையைக் கண்ட மாத்திரத்தில் வயது கூறுவாரை யாம் நம்புவதில்லை. கூம்பைக் கண்ட மாத்திரத்திற் கூறுவாரையும் நம்பலாகாது. மழை மிக்க நாட்டிற் கூம்பு விரைவில் முதிரும். வறண்ட நாட்டில் நெடுங்காலம் இளமையோடிருக்கும். அரிசோனாவிலுள்ள சன்செட் கிரேட்டர் என்னுங் கூம்பின் வரலாறு இதற்கு நல்ல எச்சரிக்கை. பழைய வீடுகளின் உத்தரங்களிற் கண்ட மரவளையங்களைக் கொண்டு அது 1064-ஆம் ஆண்டில் எரிந்ததென்று நெடுநாள் கூறினர். பிற்கால ஆராய்ச்சி அதனை ஏறத்தாழ 1085 எனத் திருத்தியது. ஆண்டுவரை எண்ணத்தகும் மரவளையத்திற்கே இந்நிலையாயின், வெறுஞ் சரிவை அளந்து ஆயிரம் ஆயிரமாக வயது சொல்வதில் எவ்வளவு தயக்கம் வேண்டும்!

இனி, இவை தனித்து நிற்பதில்லை. கூட்டங் கூட்டமாகவே நிற்கும். பிரான்சு தேசத்தில் ஏறத்தாழ 80 சிற்றெரிமலைகள் வடக்குத் தெற்காக வரிசைப்பட்டு நிற்கின்றன. நிலத்தின் பிளவு அவ்வரிசையினால் வெளிப்படுகின்றது. மெக்சிகோவின் மிச்சோவகான் பகுதியிலோ இத்தகையன ஆயிரத்திற்கு மேற்பட்டவை உள. அங்கே 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், தியோனிசியோ புலிதோ என்னும் உழவரது சோளக்கொல்லையில் நிலம் வெடித்துப் புகை எழுந்தது. மறுநாட்குள் அங்கே ஒரு குன்று நின்றது. ஓராண்டில் அது ஏறக்குறைய 1,100 அடி உயர்ந்தது. 1952-ல் எரிவு முற்றிலும் நின்றபோது அதன் உயரம் ஏறத்தாழ 1,390 அடி. அதற்குப் பாரிகுத்தீன் என்று பெயர். இரண்டு ஊர்கள் புதையுண்டன. அவற்றுள் ஒன்றன் தேவாலயக் கோபுரமும் பீடமும் உறைந்த கருங்குழம்பின் நடுவே இன்றும் நிற்கின்றன. ஒரு மலை பிறந்தது முதல் இறந்தது வரை அறிஞர் உடனிருந்து கண்டெழுதியது இங்கேதான்.

எம் கருத்தின் உயிர்நிலை இதுவே. ஒவ்வொரு கூம்பும் ஒருமுறை எரிந்து இறப்பது மெய். ஆனால் கூம்புகள் நிற்கும் நிலம் இறப்பதில்லை. அது வேறோரிடத்தில் வாய் திறக்கும். ஆதலால் ஒரு கூம்பைச் சுட்டி, "இது அவிந்தது, அஞ்சற்க" என்பது அரைகுறை உண்மை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் ஏறத்தாழ 53 சிற்றெரிமலைகளின்மீதும் இடையிலும் பரந்து கிடக்கின்றது. அவற்றுள் மூத்தது ஏறக்குறைய 2 இலட்சம் ஆண்டினது. இளையதாகிய ராங்கிடோட்டோ கடலினின்று எழுந்தது சற்றேறக்குறைய 600 ஆண்டுகட்கு முன்னரே. அதன் சாம்பலில் மனிதர் அடிச்சுவடும் நாயின் அடிச்சுவடும் பக்கத்துத் தீவிற் பதிந்துள்ளன. அடுத்த வாய் எத்தெருவில் திறக்கும் என்று சொல்ல வல்லார் எவருமில்லை. அந்நகரத்தார் நிலத்தின் அசைவைக் கருவிகளால் இரவும் பகலும் நோக்குவது வீண்செலவன்று.

ஆயினும் அந்நகரம் தன் கூம்புகளுக்குச் செய்தது நன்றன்று. மவோரி மக்கள் அவற்றின் சரிவுகளிற் படிகள் வெட்டிக் கோட்டையாக்கி வாழ்ந்தனர், வடிவம் அழியவில்லை. பின்வந்தோர் இருப்புப்பாதைக்கும் சாலைக்கும் கிட்டக்கல் வேண்டிக் குன்றுகளையே வாரினர். சாலைக்குக் கல் வேண்டாமோ என்று கேட்பர். வேண்டும். கல் வெட்டுவதனால் நன்மையும் உண்டு: பிரான்சிலுள்ள லெம்ப்தேஜி என்னுங் குன்றை வெட்டியபோது எரிமலையின் உட்கூறு முழுவதும் வெளிப்பட்டு, இன்று காண்போர்க்குப் பாடமாக விளங்குகின்றது. ஆனால், நூற்றுக்கணக்கான கூம்புகள் நிற்கும் நாட்டில் ஒன்றைத் திறந்து பார்ப்பது வேறு. ஐம்பதே உள்ள நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக அடியோடு அள்ளுவது வேறு. கல்லை வேறிடத்துப் பெறலாம். எரிந்த காலத்தையும் திசையையும் வேகத்தையும் தன்னுட் கொண்ட குவியலை மீண்டுங் குவிக்க இயலாது.

2014-ஆம் ஆண்டு ஒரு சட்டத்தினால் 14 குன்றுகளின் உரிமை மவோரிக் குலத்தாருக்குத் திரும்பியது. அதற்குமுன் போனவை போனவையே. மவுண்ட் ஸ்மார்ட் என்ற கூம்பு முழுதும் வாரப்பட்டது. அது நின்ற இடத்தில் இப்போது ஒரு விளையாட்டரங்கம் இருக்கின்றது. குன்றின் பெயரே அரங்கத்திற்கும் வழங்குகின்றது.