முடமாவது தலைவிதியல்ல

முறிந்த எலும்பு கூடும். அது உடம்பின் இயல்பு. நேராகக் கூடுமா, கோணலாகக் கூடுமா, கூடிய பிறகு அந்தக் கையால் அரிவாள் பிடிக்க முடியுமா என்பதே தொழிலாளிக்குப் பிரச்னை. இதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிபட்ட முதல் சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான்? ஆலைத் தொழிலாளி கேட் அருகே உட்கார்ந்து மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருக்கிறான். விவசாயத் தொழிலாளி வரப்பில் கிடக்கிறான். யாரோ ஒருவர் காலைப் பிடித்து இழுத்து உருவிவிடுகிறார்.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக்குக் கப்பல் வருவதற்காக 36 மைல் நீளக் கால்வாய் வெட்டினார்கள். 1887-ல் தொடங்கிய வேலை 1894-ல் முடிந்தது. ஆயிரக்கணக்கான மண்வெட்டிக் கூலிகள், தினமும் விபத்து. 1888-ல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற இளம் டாக்டரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். கால்வாய் நெடுக முதலுதவி நிலையங்கள், மூன்று ஆஸ்பத்திரிகள், அடிபட்டவனை ஏற்றிவர வேலைத்தலத்து ரயில். முதலாளிகளுக்குத் திடீரென்று கருணை பிறந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. கூலி எழுந்து நடந்தால்தான் கால்வாய் முடியும். ஆனால் மனது வைத்தால் செய்ய முடியும் என்பது அன்றே நிரூபணமாயிற்று.

அந்த ஜோன்ஸுக்குத் தொழில் கற்பித்தவர் அவருடைய மாமா, லிவர்பூல் ஹ்யூ ஓவன் தாமஸ். பரம்பரைக் கட்டு வைத்தியர் குடும்பம். முறையாக டாக்டருக்குப் படித்துப் பட்டம் பெற்றவர். ஏழைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகப் பார்த்தார். காலை அசையாமல் நிறுத்த அவர் செய்த இரும்புச் சட்டம், அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின் முதல் உலக யுத்தத்தில் தொடை முறிந்த சிப்பாய்கள் பலரைக் காப்பாற்றியது. தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் கசியலாம். கால் ஆடினால் கசிவும் கூடும், வலியும் கூடும்.

ஆகவே கட்டு வைத்தியரைக் கேலி செய்வது நம் வேலையல்ல. ஆஸ்பத்திரி தூரம், ஒரு நாள் கூலி போகும் என்பதால்தானே நம் ஜனங்கள் அவரிடம் போகிறார்கள்? ஆனால் தோல் கிழிந்த முறிவை அவரிடம் கொண்டு போகாதீர்கள். மஞ்சளோ சாணமோ அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கிடந்த நிலையிலேயே மூங்கில் பத்தையோ பலகையோ வைத்து, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்டி, 108 வண்டியில் ஏற்றுங்கள். புண்ணுக்குச் சீழ்த்தடுப்பு மருந்து முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்தால் நல்லது.

யார் கட்டுப் போட்டாலும், மாவுக்கட்டானாலும், விரல்களைப் பாருங்கள். விரல் மரத்துப்போனால், நீலம் பாரித்தால், நீட்டும்போது வலி உயிர் போனால், காலை வரை காத்திருக்க வேண்டாம். கட்டு இறுகி உள்ளே ரத்த ஓட்டம் நிற்கிறது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தால் நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு வேண்டும். ஒரே படத்தில் சில முறிவு தெரியாது.

இனி சர்க்கார் விஷயம். 2021-ல் தமிழ்நாட்டு சர்க்கார் கொண்டுவந்த திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. நல்ல காரியம், வரவேற்கிறோம். தென்னை மரத்திலிருந்து விழுந்தவனும், கதிரடிக்கும் மிஷினில் கை கொடுத்தவளும் சாலையில் விழாததால் அவர்கள் எலும்பு வேறு எலும்பா? தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இரவிலும் எக்ஸ்ரே, எலும்பு டாக்டர் வேண்டுமென்று விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கேட்க வேண்டும்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948 ஆலைச் சட்டமே சொல்லிற்று. அறை இருந்தும் பூட்டிக் கிடந்தால் சங்கத்தில் சொல்லுங்கள். அதைவிட முக்கியம்: "வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நிர்வாகம் குழைந்து பேசும். சம்மதிக்காதீர்கள். ஈ.எஸ்.ஐ.யில் வேலை விபத்து என்று பதிந்தால், வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுவதும் சம்பளத்தில் 90 சதவிகிதம். ஊனம் நிலைத்தால் மாதாமாதம் பணம். சாதாரண நோய் என்றால் 70 சதவிகிதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள். எந்த மிஷின், எந்த ஷிப்ட், எத்தனை மணி, யார் பார்த்தார்கள் என்று விபத்துப் புத்தகத்தில் அன்றே எழுத வையுங்கள்; ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.