பம்ப்பைக் கழற்றும் முன் டேங்க்கைப் பாருங்கள்

பழைய டீசல் வண்டி மேட்டில் இழுக்காமல் நின்றுபோனால், நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வருகிறது. "பம்ப் போயிடுச்சுண்ணே, கழட்டிடலாம்." பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை. டீசல் வரும் ஹோஸைத் தொட்டுப் பார்த்தவரும் இல்லை. ஆனால் வண்டியிலேயே விலை கூடிய சாமான் எதுவோ அதுதான் குற்றவாளி என்று முடிவாகிவிடும்.

இந்தப் பழக்கம் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. மெக்கானிக் தம்பிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வில்லியனூர், பாகூர், சேதராப்பட்டு வட்டாரத்தில் பழைய ஜீப், வேன், மினி லாரி வைத்திருப்பவர்கள் பணக்காரர்கள் அல்லர். நெல் மூட்டையும் காய்கறியும் ஏற்றிப் பிழைப்பவர்கள், பென்ஷன் பணத்தில் ஒரு வண்டியைக் காப்பாற்றி வருபவர்கள். அவர்களுக்கு ஒரு தப்பான பம்ப் பில் என்பது பேத்தியின் பள்ளிக்கூடக் கட்டணம்.

முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்போம். சமதரையில் நன்றாகத்தான் ஓடுகிறது. பாலத்திலோ மேட்டிலோ பாரத்தோடு ஏறும்போது புல்லிங் குறைகிறது. குலுங்குகிறது, பிறகு ஆஃப் ஆகிவிடுகிறது. பத்து நிமிடம் ஓரம்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. இன்னும் சில கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே கதை. இந்த நோயைப் பார்த்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நோய்க்குறியை முழுதாகக் கேட்ட மெக்கானிக்குகள்தான் குறைவு.

டீசல் இஞ்சினின் தத்துவம் எளியது. இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1858-இல் பிறந்தது பாரீஸில்; பெற்றோர் ஜெர்மானியர். ஒழுங்காக வேலை செய்த முதல் இஞ்சினை 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் காட்டினார். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே ஓடிக்கொண்டிருந்த பழைய டீசல் இஞ்சின் திடீரென்று நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று பட்டினி, இன்னொன்று மூச்சுத்திணறல். டீசல் போதவில்லை, அல்லது காற்று போதவில்லை.

எது என்று புகையே சொல்லிவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கறுப்புப் புகை கக்கிக்கொண்டு இழுக்காமல் போனால் காற்று குறைவு என்று பொருள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். புகையே இல்லாமல் சக்தி மட்டும் வற்றிப் போனால் இஞ்சினுக்கு டீசல் எட்டவில்லை. சாவியைத் திருப்பி அணைத்ததுபோலப் பட்டென்று நின்றால், டீசலை அடைக்கும் சோலனாய்டின் ஒயர் லூசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குலுங்கிக் குலுங்கி நிற்பது பட்டினியின் அடையாளம். இவ்வளவையும் பார்க்கக் காசு செலவில்லை. கண்ணும் காதும் போதும்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். வண்டி நின்றுபோவதைப் பிரெஞ்சில் 'பான்' என்பார்கள். எண்ணெய் தீர்ந்து நிற்பதற்குத் தனியாக 'பான் செஷ்' என்று ஒரு பெயர் உண்டு, அதாவது உலர்ந்த பழுது. நம் பழைய வண்டிகளுக்கு வருவது விசித்திரமான பான் செஷ்: டேங்க் நிறைய டீசல் இருக்கிறது, இஞ்சின் பட்டினி கிடக்கிறது. வழியில் எங்கோ அடைப்பு. அது எங்கே என்று தேட ஒரு வரிசை வேண்டும்.

வரிசையென்றால் எங்கள் ஆசிரியர்கள் மண்டையில் ஏற்றிவிட்ட தெகார்த் நினைவுக்கு வருகிறார். 1637-இல் வெளியிட்ட நூலில் அவர் நான்கு விதிகள் வைத்தார். தெளிவாகத் தெரியாத எதையும் உண்மையென்று ஏற்காதே. சிக்கலைப் பகுதி பகுதியாகப் பிரி. எளியதில் தொடங்கிக் கடினமானதற்குப் போ. எதுவும் விட்டுப்போகவில்லை என்று கடைசியில் சரிபார். தத்துவத்துக்காகச் சொன்னது, ஆனால் டீசல் வண்டிக்கு இதைவிட நல்ல பட்டறைக் கையேடு கிடைக்காது. டீசலின் பாதையில் எளியது டேங்க். கடினமானது பம்ப். நாம் பம்ப்பில் தொடங்குகிறோம்.

டேங்க்கில் தொடங்கினால் என்ன தெரியும்? மூடியில் அல்லது டேங்க்கின் மேலே காற்று நுழைய ஒரு சிறு துவாரம் இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். துவாரம் தூசியில் அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டீசல் வெளியே வர மறுக்கும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அதுவே நோய், அதுவே மருந்து.

அடுத்தது டேங்க்குக்குள் கிடக்கும் குப்பை. உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு காகிதமோ பிளாஸ்டிக்கோ ஒட்டிக்கொண்டால் பாதை அடைபடும். இஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நிற்கிறது, குப்பை விழுந்துவிடுகிறது. பத்து நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகும் அதிசயத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் தெருவில் ஒருவர் காய்கறி ஏற்றும் பழைய வேன் வைத்திருக்கிறார். பத்துக்கண்ணு, வில்லியனூர் வழியாகப் போய் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போதெல்லாம் வண்டி நின்றது. ஒரு பட்டறையில் பம்ப்பைக் கழற்றினார்கள், நாசில்களையும் மாற்றினார்கள். 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் பில். மறு வாரம் அதே பாலத்தில் அதே இடத்தில் வண்டி நின்றது. பிறகு வயதான டிராக்டர் மெக்கானிக் ஒருவர் டேங்க்கை இறக்கிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து விழுந்தது ஆயில் கேன் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தகடு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. கேனில் டீசல் வாங்கி ஊற்றும் பழக்கம் நம் எல்லையோரக் கிராமங்களில் உண்டல்லவா, அதன் பரிசு. அந்தப் பெரியவர் கேட்ட கூலி 300 ரூபாய்.

மூன்றாவது தண்ணீர். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்படித் தேங்கும் வெள்ளத்தில் நிற்கும் வண்டிகளின் டேங்க்குக்குள் மூடி வழியாகவும் காற்றுத் துவாரம் வழியாகவும் தண்ணீர் இறங்க முடியும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழுவழுப்பான சேறு உண்டாகி ஃபில்டரை அடைக்கும். சோதிப்பது சுலபம். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும்.

நான்காவது, பலரை ஏமாற்றும் காற்று. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள குழாய் உறிஞ்சும் பாதை. அங்கே ஹோஸ் வெடித்திருந்தாலும் செம்பு வாஷர் தேய்ந்திருந்தாலும் இஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். "எங்கயும் லீக் இல்லண்ணே" என்று தம்பி சொல்வது உண்மைதான், ஆனால் பயனில்லாத உண்மை. அந்த இடத்தில் ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் மாட்டி இஞ்சினை ஓடவிட்டால் குமிழி போவது கண்ணுக்குத் தெரியும்.

இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. சுத்தமான கேனில் ஐந்து லிட்டர் நல்ல டீசல். அதைப் பாதுகாப்பாகக் கட்டி, புது ஹோஸ் வழியாக நேரே ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விடுங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் நெருங்கக் கூடாது. இப்போது அதே மேட்டில் ஏற்றிப் பாருங்கள். வண்டி நிற்காமல் ஏறினால் பழுது டேங்க்கிலோ அதிலிருந்து வரும் குழாயிலோ இருக்கிறது, பம்ப் நிரபராதி. அப்போதும் நின்றால் ஃபில்டரை மாற்றுங்கள், ஃபீட் பம்ப் ஒழுங்காக டீசல் தள்ளுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் பெரிய பம்ப்பின் முறை.

பம்ப் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. தேய்ந்த ரோட்டரி பம்ப்புக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. இஞ்சின் சூடானபின் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவைத்தால் ஆகும். சூட்டில் டீசல் நீர்த்துப் போய், தேய்ந்த இடைவெளி வழியாக நழுவிவிடுவதால் வரும் கோளாறு அது. அப்போது பம்ப்பைக் காலிபரேஷனுக்குக் கொடுப்பதுதான் நியாயம். ஆனால் ஒன்று கவனியுங்கள். பம்ப்பின் உள்பாகங்களுக்கு எண்ணெய்ப் பசை தருவதே ஓடும் டீசல்தான். தண்ணீரும் துருவும் வரும் டேங்க்கை அப்படியே விட்டுவிட்டு புது பம்ப் மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும். டேங்க்கைப் பார்க்காமல் பம்ப்பை மாற்றுவது பம்ப்புக்கே செய்யும் துரோகம்.

"இவ்வளவும் பார்க்க நேரம் எங்கே?" என்று மெக்கானிக்குகள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரை நாள் தேடி, மூடித் துவாரத்தைக் குத்திவிட்டு 500 ரூபாய் கேட்டால், "ஒரு ஊசியால குத்தினதுக்கு ஐந்நூறா?" என்று வண்டிக்காரர் சண்டைக்குப் போகிறார். அதே ஆள் 20,000 ரூபாய்க்குப் பம்ப் மாற்றினால் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறார். கண்டுபிடித்ததற்குக் கூலி தராமல் சாமானுக்கு மட்டும் தந்தால், பட்டறைக்காரர் சாமானைத்தான் விற்பார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் வாகன ரிப்பேர் பில்கள் என் மேசை வழியாகப் போயின. அந்தக் காலத்து மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் இருந்தது பிரான்ஸின் பெஜோ வடிவமைத்த டீசல் இஞ்சின் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். பில்லில் மாற்றிய சாமானின் பெயர் இருக்கும், எண்ணிக்கை இருக்கும், கூலி இருக்கும். என்ன பழுது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. இன்றைய பட்டறை பில்லிலும் அந்த வரி இல்லை.

இன்னொரு தீர்ப்பும் கேட்கிறது. "வண்டிக்கு வயசாயிடுச்சு, தள்ளிவிடுங்க." மூட்டு வலி என்று போனால் "வயசாயிடுச்சு" என்று சொல்லி அனுப்பும் டாக்டரை நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வயது ஒரு நோயின் பெயர் ஆகாது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. தில்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை போட்டது. இவற்றைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். தில்லி ஆணை நம் ஊருக்குப் போட்டதன்று. தகுதிச் சோதனையில் தேறிய தனியார் வண்டியின் பதிவை நாம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது உண்மைதான். அதைக் கட்டி ஓட்டுகிறவனுக்கு அடைத்த குழாயைக் காட்டி "வண்டியே போச்சு" என்று சொல்வது அநியாயம். ஊரெல்லாம் கறுப்புப் புகை விடும் வண்டி, திருத்த முடியாவிட்டால் போகட்டும். நல்ல வண்டி, தப்பான தீர்ப்பால் காயலான் கடைக்குப் போகக் கூடாது.

பழைய வண்டி வைத்திருக்கும் பெரியவர்களே, உங்கள் பிள்ளைகளே, அடுத்த முறை "பம்ப் போச்சு" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். மூன்றே கேள்வி கேளுங்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள்? டேங்க், ஹோஸ், ஃபில்டர் பார்த்தாயிற்றா? கேன் வைத்து ஓட்டிப் பார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் சொல்பவரிடம் வண்டியை நம்பிக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். என்ன பழுது என்று பில்லில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் ஊசியால் குத்தி மட்டும் சரிசெய்திருந்தாலும், கேட்ட 500 ரூபாயை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.