தந்த மணிகள்

ருஷ்ய நாட்டின் விளாதிமிர் நகரையடுத்த சுங்கிரில், சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன் தலையோடு தலை பொருந்தப் புதைக்கப்பட்ட இரு சிறுவர்களின் எலும்புகள்மீது, மாமத் யானைத் தந்த மணிகள் 10,000-க்கு மேல் வரிசை வரிசையாகக் கிடந்தன என்று படிக்கையில், அவற்றைக் குலப்பெருமையின் சின்னங்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட என் மனம் இசையவில்லை. தந்தத்தைக் கீற்றாக அரிந்து, நறுக்கி, கற்கருவியால் துளையிட்டு ஒரு மணியை முடிக்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்குமாம். அதிலும் சிறுவர்களின் மணிகள், அவ்விடத்திலேயே வேறொரு குழியில் புதைந்திருந்த பெரியவருடையவற்றைவிடச் சிறியவை. அளவறிந்து செய்த அந்தக் கைகளில் வாத்ஸல்யமன்றி வேறென்ன இருந்திருக்கும்? தொடையெலும்புகள் வளைந்திருந்த இளையவனுக்கும் அவர்கள் ஒன்றும் குறைவைக்கவில்லை. செங்காவி தூவி, நிமிர்த்தி நேராக்கிய தந்த ஈட்டியை அவனருகே கிடத்தியிருக்கிறார்கள்.