டப்பாவில் 209 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றா?

கொஞ்சம் நீளமான பதிவு. இயற்பியல் வாத்தியார் ரிட்டயர் ஆனாலும் பாடம் ரிட்டயர் ஆவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பினார். "பேர் மட்டும் வேண்டாம் சார், பொதுவாவே எழுதுங்க, இங்க நாலஞ்சு பேருக்கு உபயோகப்படும்" என்றார். அவரும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ராப் சுடப் போகிறார்கள். பறக்கவிடும் களிமண் தட்டை ஷாட்கன்னால் உடைக்கும் விளையாட்டு. நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது இதில்தான்.

ஒரு நாளைக்கு நூறு தோட்டா சுடுகிறவர்களுக்குச் செலவு கட்டாது. அதனால் சுட்டு முடித்த காலிக் கூட்டை எறியாமல் அதிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். ரீலோடிங் என்று பெயர். அங்கே வீட்டிலேயே செய்யலாம். (நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருக்கும் பிள்ளைகள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.)

நம்மவர் கேள்வி இதுதான். புத்தகத்தில் சொன்ன கம்பெனியின் பிரைமர் கடையில் இல்லை. வேறு கம்பெனியுடையது இருக்கிறது. அதிலும் 209 என்றுதான் போட்டிருக்கிறது, அதே அளவு, கச்சிதமாக உட்காருகிறது. இரண்டு பெட்டி நிரப்பியும் வைத்துவிட்டார். சுடலாமா?

கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு ஷாட்கன் தோட்டாவில் ஐந்து சாமான்கள். வெளிக்கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், அதன்மேல் மருந்து, அதன்மேல் வாட் என்கிற பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஈய ரவை. 209 என்பது பிரைமரின் வெளி அளவு. உள்ளே எவ்வளவு கலவை, சுவாலை எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அந்த எண் சொல்லாது. எட்டாம் நம்பர் செருப்பு என்றால் கால் அளவு தெரியும், போட்டிருப்பவர் ஓடுவாரா நடப்பாரா என்று தெரியுமா?

இனி மருந்துக்கு வருவோம். புகையில்லாத மருந்தை 1884இல் செய்து காட்டிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியே ஒரு விதியும் கொடுத்துப் போனார். அழுத்தம் ஏற ஏற இந்த மருந்து எரியும் வேகமும் ஏறும். திறந்த வெளியில் கொளுத்தினால் சும்மா எரிந்து போகும் பொருள்தான். அடைத்து வைத்தால் கதை வேறு. அழுத்தம் வேகத்தைக் கூட்டும், வேகம் அழுத்தத்தைக் கூட்டும், ஒன்றை ஒன்று துரத்தும். எல்லாம் சில மில்லி செகண்டில் முடிந்துவிடும். இந்தத் துரத்தலைத் தொடங்கி வைப்பது பிரைமர். அது கொஞ்சம் காட்டமாகத் தொடங்கினால் முடிவு கொஞ்சம் காட்டமாக இருக்காது, பல மடங்கு தள்ளிப்போகும். மருந்தை ஒரு மணிகூட மாற்றாமல் பிரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. ஏறலாம், இறங்கலாம்.

ஆயிரம் என்றால் பெரிதா? 12 கேஜ் சாதாரணத் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு 11,500 பி.எஸ்.ஐ. (அந்த அமைப்பின் சுருக்கப் பெயர் சாமி. நம்ம சாமி இல்லை, ஆனாலும் பேச்சைக் கேட்பது நல்லது.) உங்கள் வீட்டு குக்கர் விசில் அடிப்பது சுமார் 15 பி.எஸ்.ஐ.யில். ரைஃபிளில் ஐம்பது அறுபதாயிரம்கூடப் போகும், அதற்கேற்ற கனத்தில் குழல் இருக்கும். ஷாட்கன் குழல் மெல்லிசு. அதைப் பிடித்திருப்பது இடது கை, பக்கத்தில் இருப்பது கன்னம். இங்கே அந்தக் கன்னம் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுடையது.

"மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கலாமே சார்" என்று அடுத்த செய்தி. ரைஃபிள்காரர்கள் அப்படித்தான் குறைவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். பித்தளைக் கூட்டிலும் பிரைமரிலும் ஓரளவு அறிகுறி தெரியும். ஷாட்கன்னில் நம்பும்படியான அறிகுறியே கிடையாது. குறைத்தால் வேறு ஆபத்து. மருந்து சரியாகப் பற்றாமல் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், வாட் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். மினசோட்டா குளிர் இதற்கு இன்னும் தோது. ஜூலையில் ஒழுங்காக ஓடிய மந்தமான தோட்டா ஜனவரியில் புஸ் ஆகும். அந்தச் சத்தம் கேட்டால், அப்பாவோ மகளோ, உடனே சுடுவதை நிறுத்தி, குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துச் சற்றுப் பொறுத்து, பிறகு தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலை வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அடுத்தது.

மற்ற சாமான்களிலும் இதே கதை. வின்செஸ்டர் ஏஏ கூடு உள்ளே அடிப்பக்கம் குறுகும், ஃபெடரல் கோல்ட் மெடல் கூடு உள்ளே நேராக இருக்கும். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. ஹாட்ஜ்டன் கம்பெனியில் கிளேஸ், இன்டர்நேஷனல் கிளேஸ், யுனிவர்சல் கிளேஸ் என்ற பெயர்களில் மூன்று மருந்துகள் வந்தன, மூன்றும் மூன்று வேகம். இப்படிப் பெயர் வைத்தவரை என் வகுப்பில் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன். ஈயத்துக்குப் பதில் இரும்பு ரவை போடுவது எல்லாவற்றிலும் மோசம். 1991 முதல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை என்பதால் இரும்பு ரவை கடையில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அது கெட்டி, நசுங்காது, எடையும் குறைவு. அதற்கு மருந்து, வாட், அளவு எல்லாமே தனி.

மாற்றவே கூடாதா என்றால், கூட்டின் நிறம் மாறலாம். ஈய ரவையில் ஏழரை நம்பருக்குப் பதில் எட்டாம் நம்பர் போடலாம், மொத்த எடை அதேயாக இருந்தால். அவ்வளவுதான்.

கிளப்பில் ஒரு பெரியவர் "முப்பது வருஷமா கலந்து கட்டித்தான் நிரப்புறேன், ஒண்ணும் ஆகல" என்றாராம். அவர் ஒருநாளும் அழுத்தத்தை அளந்தவரில்லை. 11,000இல் இருக்கிறாரா 14,000இல் இருக்கிறாரா என்று அவருக்கும் தெரியாது, அவர் துப்பாக்கிக்கும் சொல்லத் தெரியாது.

எனக்கு உறுத்துவது ரெசிபி என்ற அந்தச் சொல்தான். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நம் வீட்டில் ரெசிபி என்றால் புளி இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம், துவரம்பருப்பு தீர்ந்தால் பாசிப்பருப்பு. இருப்பதை வைத்துச் சமாளிப்பவரைக் கெட்டிக்காரர் என்று பாராட்டி வளர்ந்தவர்கள் நாம். இந்த மாணவரும் அப்படி வளர்ந்த பிள்ளைதான், சிக்கனம் அவர் குணம், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் புத்தகத்தில் இருக்கும் அந்த வரி சமையல் குறிப்பு இல்லை தம்பி. ஆய்வுக்கூடத்தில் அழுத்தமானி பொருத்திய குழலில் அந்த ஐந்து சாமான்களையும் சேர்த்துச் சுட்டு எழுதிய அளவீடு. ஒன்றை மாற்றினால் அந்த அளவீடு உனக்குச் சொந்தமில்லை.

வழி இருக்கிறது. மருந்துக் கம்பெனிகளே அளவுப் பட்டியலை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. உன் கையில் இருக்கும் பிரைமர், கூடு, வாட் மூன்றுக்கும் பொருந்துகிற வரியைத் தேடு. இல்லையென்றால் கம்பெனிக்கே போன் போட்டுக் கேள். அவர்களும் இல்லை என்றால் கடையில் ரெடிமேட் தோட்டா வாங்கு, பிரைமர் வரும்வரை பொறு.

நிரப்பி வைத்த அந்த இரண்டு பெட்டியை மற்றதோடு கலக்காமல் இன்றைக்கே தனியே எடுத்து, பேனாவால் 'சுடாதே' என்று எழுதி வை. கிளப்பில் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேல்மடிப்பை வெட்டிப் பிரி. மருந்தைப் பழைய டப்பாவில் திரும்பக் கொட்டாதே. பிரைமரைத் தட்டி எடுக்க முயலாதே. ஈய ரவையை மட்டும் எடுத்து வைத்துக்கொள், அதை மறுபடி உபயோகிக்கலாம்.