பழைய காரின் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்!

நெய்வேலியில் ராட்சத எந்திரங்களுக்குப் பஞ்சம் இல்லை. சக்கரமாகச் சுழன்று மண்ணை வாரும் எந்திரம் உண்டு. நிலக்கரியைச் சுமந்து ஓடும் நீண்ட பெல்ட் உண்டு. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது முதல், இந்த ஊர்க்காரர்கள் எந்திரத்தோடு பழகியவர்கள். எந்திரம் நின்ற பிறகு பார்ப்பதை விட, நிற்கும் முன்பே பார்ப்பது மேல் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால், வீட்டு வாசலில் நிற்கும் பழைய கார்? அதன் அடிவயிற்றை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

பழைய கார் மோகம் இப்போது பலருக்கு உண்டு. அதிலும் காண்டசா என்றால் சில இளைஞர்களுக்கு உயிர்! மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் இந்தக் காரைக் கொண்டு வந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது. நீண்ட மூக்கு, அகன்ற உடம்பு. அமெரிக்காவில் 1960-களில் ஓடிய "மசில் கார்" போல இருப்பதால், "இந்தியாவின் பயில்வான் கார்" என்று இதற்குப் பட்டம் சூட்டினார்கள். பட்டம் உருவத்துக்கு மட்டும்தான். முதலில் வந்த காண்டசாவின் உள்ளே இருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின்! பிறகுதான் ஜப்பானின் இசுசு எஞ்சின் வந்தது.

எது பிடித்து வைக்கிறது?

அம்பாசடருக்கும் காண்டசாவுக்கும் பின்பக்கம் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அம்பாசடரின் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். மாட்டு வண்டிக்காரருக்கும் லாரிக்காரருக்கும் தெரிந்த சரக்கு. இரும்புப் பட்டைகளை அடுக்கி, போல்ட் போட்டு, ஆக்சிலோடு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். காண்டசாவின் பின்னால் இருப்பது சுருள் ஸ்பிரிங். அமெரிக்கப் பயில்வான் கார்களிலும் பலவற்றுக்கு இதே ஏற்பாடுதான்.

சுருள் ஸ்பிரிங் உள்ள பல பழைய வண்டிகளில், ஸ்பிரிங்கைப் போல்ட் போட்டுக் கட்டுவது கிடையாது. கீழே ஆக்சிலில் ஒரு கிண்ணம், மேலே காரின் உடம்பில் ஒரு கிண்ணம், நடுவில் ஸ்பிரிங். காரின் எடைதான் அதை அமுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது.

அப்படியானால், வேகத்தடையில் கார் துள்ளும்போது என்ன ஆகும்? உடம்பு மேலே எழும்பும். சக்கரம் கீழே தொங்கும். இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகும். அந்த இடைவெளி அளவுக்கு மேல் போகாமல் தடுப்பது பெரும்பாலும் ஷாக் அப்சர்பர்தான். ஸ்பிரிங்கும் சரியான நீளம் உள்ளதாக இருந்தால், அந்த நேரத்திலும் கொஞ்சம் அமுங்கியே நிற்கும். நகராது.

வம்பு எங்கே தொடங்குகிறது? காரைத் தாழ்வாக நிறுத்தினால் அழகு என்று சிலர் நினைக்கிறார்கள். புது ஸ்பிரிங் வாங்கக் காசு வேண்டுமே! பட்டறைக்குப் போய், இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். அரை மணி நேர வேலை. ஸ்பிரிங் குட்டையாகிவிடும். இடைவெளியோ பழையபடிதான் இருக்கும். கார் துள்ளினால், ஸ்பிரிங் கிண்ணத்தில் கடகடவென்று ஆடும். ஒரு நாள் கிண்ணத்தை விட்டே வெளியேறிவிடும்! கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை அமுக்குவது இன்னும் மோசம். எஃகின் முறுக்கே போய்விடும்.

வெட்டாத ஸ்பிரிங்கும் கழன்று போவது உண்டு. வயதாகித் தொய்ந்த ஸ்பிரிங், துருப்பிடித்து அரித்த கிண்ணம், பொடிந்துபோன ரப்பர், பிடி உடைந்த ஷாக் அப்சர்பர், வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்ட நீளமான ஷாக் அப்சர்பர்: இவற்றில் எதுவும் போதும்.

ஸ்பிரிங் கழன்றால் கார் ஒரு பக்கம் சாயும். ஸ்பிரிங் டயரில் உரசலாம்; பிரேக் குழாயைக் கிழிக்கலாம். ரோட்டில் விழுந்தால், பின்னால் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கதி என்ன? காரின் பின் சீட்டில் இருப்பவர்கள் யார்? பெண்டு பிள்ளைகள்தானே! அழகுக்காக ஒரு சுற்றை வெட்டுவது வாலிப விளையாட்டு அல்ல. ஆபத்தை விலை கொடுத்து வாங்குவது. "வெட்டித் தர மாட்டேன்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கோபித்துக் கொள்கிறார்கள். அவரைத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

கம்பி கட்டினால் போதுமா?

ஸ்பிரிங்கைக் கம்பியால் கட்டுவதும், சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டையைச் செருகுவதும் சிலர் செய்யும் வைத்தியம். இது மருந்து அல்ல. வலியை மறைக்கும் பத்து. சரியான நீளமுள்ள ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்ற வேண்டும். அதற்கு ஏற்ற ஷாக் அப்சர்பர் வேண்டும். புது ரப்பர் வேண்டும். கிண்ணம் அரித்திருந்தால் வெல்டிங் வைத்துச் சீராக்க வேண்டும். வீட்டிலேயே கழற்றிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும்.

தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு. குழியில் இறங்கும்போது பின்னால் "டக், டக்" என்று சத்தம் வருகிறதா, நிற்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். பட்டறையில் காரைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கை அசைத்துப் பார்க்கச் சொல்லலாம். அசைந்தால் அந்தக் காரை ஓட்டக் கூடாது.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக வந்த காண்டசாவும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. புதுப்பிக்கும் நேரத்தில் விளக்கையும் ஹாரனையும் பார்த்தால் மட்டும் போதாது. காரைத் தூக்கி நிறுத்தி, பின் ஸ்பிரிங்கையும் கட்டாயம் அசைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.