மகள் கேட்ட படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தேன். மகள் வந்து கதவோரம் நின்றாள்.

"அம்மா, நான் சைக்காலஜி படிக்கப் போறேன். படிச்சிட்டு, குடியை விட வர்றவங்களுக்கு கவுன்சலிங் குடுக்கிற வேலைக்குப் போறேன்."

அன்றைக்கு முதல் தோசை கருகித்தான் போனது.

கூடத்திலிருந்த மாமியார் காதில் விழுந்துவிட்டது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலைக்கா? நாளைக்கு இவளை எவன் கட்டிக்குவான்?" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நர்ஸிங் இருக்கு, பி.காம். இருக்கு, டீச்சர் டிரெயினிங் இருக்கு. இதுதானா கிடைச்சுது?" என்றார்.

நான் வாயே திறக்கவில்லை. என் பயம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்த காலமெல்லாம் போய்விட்டது சகோதரிகளே.

எங்கள் செஞ்சிக் கமிட்டியில் நெல் மூட்டை எடை போடும் இடத்தில் தம்பிக்கு வேலை. கை நிறையச் சம்பாதித்தான். முதலில் சாயந்திரம் மட்டும் குடித்தான், அப்புறம் காலையிலும். குடிக்காவிட்டால் கை நடுங்கும். மேல்மலையனூருக்கு அமாவாசை தவறாமல் அழைத்துப் போய், விடிய விடிய அங்காளம்மன் சந்நிதியில் உட்கார்ந்திருந்தேன். அம்மன் மேல் எனக்குக் குறையில்லை. அங்கே போய் அழுததால்தான் என் மனசு தாங்கியது. ஆனால் அவன் கை நடுக்கம் நிற்கவில்லை.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஓர் இடத்தில் கொண்டு போய்ச் சேர்த்தோம். வெளியே 'மறுவாழ்வு மையம்' என்று போர்டு. உள்ளே டாக்டரும் இல்லை, படித்தவர் ஒருவரும் இல்லை. பூட்டி வைத்தார்கள், சத்தம் போட்டால் அடித்தார்கள். மூன்றாம் நாள் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், நினைவு தப்பிப் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் முதல் சில நாட்கள் டாக்டர் பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் குடியால் வரும் மனநோயும் அடங்கும், இப்படிப்பட்ட இடங்கள் அரசாங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்பதும் அப்போது தெரியாது. பதிவு உண்டா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் சென்னையில் வேறோர் ஆஸ்பத்திரி. அங்கே தம்பியைப் பார்த்ததோடு விடவில்லை, என்னையும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார் ஒரு கவுன்சலர் அம்மா. "அவர் கடனையெல்லாம் யார் அடைக்கிறது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "வேலைக்கு லீவு சொல்றது?" "நான்தான்." அதற்கு மேல் அவர் ஒன்றும் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கே புரிந்து அழுகை வந்துவிட்டது. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, குடிக்கிறதற்கு வழி பண்ணிக் கொடுத்துக் கொண்டிருந்தது நான். ஏழு மாதம் கழித்துத் தம்பி மறுபடி குடித்தபோதும் அந்த அம்மா பதறவில்லை. "விழுந்தா என்ன, மறுபடி அழைச்சிட்டு வாங்க" என்றார். இப்போது மூன்று வருஷமாகத் தொடவில்லை.

அத்தனை தடவையும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் என் மகள். இப்போது தெரிகிறதா என் பயம்? 'மாமா மேல் உள்ள பாசத்தில் இந்த வேலைக்குப் போகிறாள். நாளைக்கு ஒவ்வொரு நோயாளியும் மாமாவாகத் தெரிவான். அவன் விழுந்தால் இவளும் விழுவாளே' என்பதுதான் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் கோட்டைக்குப் போனோம். கல்யாண மகால் எதிரே புல்தரையில் உட்கார்ந்து மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அவள் சொன்னாள்:

"மாமாவுக்காக இல்லம்மா. இந்த வேலையில சொந்தக்காரங்களுக்கு நாமளே வைத்தியம் பார்க்கக் கூடாதாம். அந்தக் கவுன்சலர் மேடமே சொன்னாங்க. அடிச்சாங்களே, அவங்களும் மனுஷங்கதான். ஆனா என்ன செய்யணும்னு தெரியாதவங்க. தெரிஞ்சவங்க நம்ம ஊர்ப் பக்கம் எத்தனை பேர் இருக்காங்க?"

எனக்குப் பதில் இல்லை. 2023 மே மாதம் நம் மாவட்டத்து மரக்காணம் பக்கம், 2024 ஜூனில் அடுத்தாற்போல் கள்ளக்குறிச்சி என்று விஷச் சாராயத்துக்கு எத்தனை உயிர் போனது! கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேலே.

அன்று ராத்திரி எனக்கு சாந்தி ரங்கநாதன் அம்மாளின் நினைவு வந்தது. அவருடைய கணவர் டி.டி. ரங்கநாதன், பெரிய டி.டி.கே. குடும்பத்துப் பிள்ளை. பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் குடிநோயால் சின்ன வயதிலேயே 1979இல் இறந்து போனார். அந்த அம்மாள் துக்கத்தோடு மூலையில் உட்காரவில்லை. மறு வருஷமே, 1980இல், கணவர் பெயரில் சென்னையில் ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். குடிநோய்க்கென்றே உள்ள அந்த டி.டி.கே. ஆஸ்பத்திரியில், வீட்டாருக்கும் சேர்த்தே சிகிச்சை. 1992இல் பத்மஸ்ரீ, 1999இல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா விருது. துக்கம் அவரை இந்த வழிக்கு அழைத்து வந்தது வாஸ்தவம்தான். ஆனால் இத்தனை வருஷம் நின்றது துக்கத்தினால் மட்டுமா? முறையாகக் கற்றுக் கொண்டதாலும், மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததாலும்தான்.

'பெண் பிள்ளைக்கு இந்த வேலையா?' என்பவர்களுக்கு இன்னொரு பெயரும் சொல்வேன். டாக்டர் சாரதா மேனன். நம் நாட்டின் முதல் பெண் மனநல டாக்டர். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு 1961இல் தலைமை ஏற்றவர். ஓய்வு பெற்றும் ஓயாமல் 1984இல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கியவர்.

ஆகவே, பாசம் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டுப் படிப்பைப் பற்றி விசாரிக்கக் கிளம்பினேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பிள்ளையோ இப்படிக் கேட்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

மருந்து எழுத வேண்டுமானால் எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் மூன்று வருஷம் மனநலத்தில் எம்.டி. நர்ஸிங் படித்தவர்கள் மேற்கொண்டு மனநல நர்ஸிங் படிக்கலாம். ஏதாவது ஒரு டிகிரி முடித்து எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருஷம் படிப்பவர்கள் மனநலச் சமூகப் பணியைப் பாடமாக எடுத்துக் கொள்ளலாம். சைக்காலஜி என்றால் மூன்று வருஷ டிகிரியோடு நின்றுவிடாது. மேல்படிப்பு வேண்டும். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் அங்கே பதிவும் வேண்டும். சில வாரத்தில் சர்ட்டிபிகேட் தருகிறோம் என்கிற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டி விடாதீர்கள். குடியை விட்டு மீண்டவர்களுக்கும் இந்த மையங்களில் வேலை உண்டு. பட்ட அனுபவம் பெரிய சொத்துதான், ஆனால் அவர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

கல்லூரியில் மூன்று கேள்விகள் கேட்டேன். படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? ஆஸ்பத்திரியில், அனுபவஸ்தர் கண்காணிப்பில் எத்தனை நாள் பழக விடுவீர்கள்? கேட்ட கதைகளின் பாரத்தை இந்தப் பிள்ளைகள் யாரிடம் இறக்கி வைப்பார்கள்? மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். பெரியவர் ஒருவர் மேலே இருந்து, 'இன்றைக்கு என்ன நடந்தது?' என்று கேட்கிற இடத்தில்தான் சின்னப் பெண் உடைந்து போகாமல் நிற்பாள். சம்பளம் ஆரம்பத்தில் கம்மிதான். அதையும் மறைக்காமல் மகளிடம் சொன்னேன். "தெரியும்மா" என்றாள்.

கல்லூரியில் சேரக் கிளம்பிய அன்று தம்பி ஒரு பை வாங்கி வந்தான். "என் கதையை அங்கே சொல்லிக்கோ பாப்பா. பேரை மட்டும் சொல்லாதே" என்றான். "அதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு ரூலே இருக்கு மாமா" என்று அவள் சிரித்தாள்.

மாமியார் இன்னும் முணுமுணுத்துக் கொண்டுதான் இருக்கிறார். ஆனால் போன வாரம் பின்தெரு அம்மாள் மகன் ராத்திரி தூங்காமல் தனக்குத்தானே பேசுகிறான் என்று கேள்விப்பட்டதும், மெதுவாக என்னிடம் வந்து, "உன் பொண்ணைக் கொஞ்சம் கேட்டுப் பாரேன்" என்றார்.

"அத்தை, அவ இன்னும் முதல் வருஷம்தான். அந்த அம்மாவை 14416க்குப் போன் பண்ணச் சொல்லுங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ். காசு இல்லே, ராத்திரி பகல் எப்பவும் பேசலாம், தமிழ்லேயே பேசுவாங்க. அப்புறம் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போகட்டும்" என்றேன்.

காலண்டர் ஓரத்தில் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, அதைக் கிழித்து எடுத்துக் கொண்டு மாமியார் தானே பின்தெருவுக்குப் புறப்பட்டுவிட்டார்.